முன்னால் போன படகு

“மூட்டை தூக்குற கைக்குத் துடுப்பு கனக்குதாக்கும்!”

மேலாளர் கத்தியது ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்டது.

அலையே இல்லாத ஆறு. இரண்டு நாள் படகுச் சுற்றுலா: ஐந்து படகு, ஐந்து குடும்பம், ஒரு ராத்திரி கரையில் கூடாரம். முதல் படகில் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளியும் அவர் மனைவியும். அடுத்தது மேலாளர் படகு. மேலாளர் என்றால் சட்டை தைக்கிற ஆலையில் கையில் கடிகாரத்தோடு நின்று, மணிக்கு எத்தனை காலர் என்று பெண்களை விரட்டுகிறவர்.

புறப்பட்டுக் கால் மணி நேரத்தில் வழிகாட்டிப் பெண் விசில் ஊதி எல்லாரையும் நிறுத்தி, இந்த வரிசையைப் போட்டிருந்தாள். முதல் படகை யாரும் தாண்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

“ஏங்க, மெதுவாப் பேசுங்க. காதுல விழும்” என்றாள் மேலாளரின் மனைவி.

“விழட்டும். என் ஆலையா இருந்தா இந்த வேகத்துக்கு மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”

“அப்பா, தண்ணி பூரா என் மேலதான் அடிக்கிறீங்க” என்றாள் பத்து வயது மகள்.

“சும்மா உக்காரு.”

முன்னால் இருந்த இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துடுப்பை ஒரு தள்ளு தள்ளிவிட்டு நிறுத்துவார்கள். பிறகு இன்னொரு தள்ளு.

கரையேறும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மேலாளர் லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வழிகாட்டிப் பெண்ணிடம் போனார்.

“காலையில அந்த ரெண்டு பேரையும் வேன்ல ஏத்தி அனுப்பிடு. அவங்களால எங்க எல்லாருக்கும் பாதி நாள் பாழ். இல்லேன்னா உன் முதலாளிக்கு எழுதுவேன்.”

கூடாரக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர், “நியாயம்தானே” என்றார். பெரும்பான்மை சேர்ந்துவிட்டால் நியாயத்துக்கு என்ன பஞ்சம்!

அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். “சார், அது வந்து...” என்று வாயெடுத்தாள்.

“விடு தங்கச்சி” என்றார் மூட்டை தூக்குபவர். “உன் வேலைக்கு உலை வைக்கவா வந்தோம்? நாங்க கிளம்பிடறோம்.”

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஊரை விட்டு வந்த முதல் பயணம் அது. அவர் மனைவி, பாதி கட்டிய கூடாரத்தை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலையில் வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

“இப்ப நான் முன்னாடி போறேன். வேகம்னா என்னன்னு காட்டறேன்” என்று மேலாளர் படகைத் தண்ணீரில் தள்ளினார்.

அரை மணி நேரம் போனது. மேலாளர் படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக முட்டிக்கொண்டிருந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது.

“சார், வழி விடுங்க! எங்களுக்கு வீடு வாசல் இருக்கு!” இது ஆசிரியர்.

மூன்று படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப் போயின. கடைசிப் படகில் யாரோ சிரித்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நேத்து நல்லாத்தானே போச்சு?” என்றார் மேலாளர் மூச்சு வாங்க.

வழிகாட்டிப் பெண் தன் சிறு படகை அருகே கொண்டு வந்தாள்.

“நேத்தும் இப்படித்தான் சார். கிளம்பின கால் மணியில நீங்க ரொம்பப் பின்தங்கிட்டீங்க. அந்த அண்ணன்தான் என்கிட்ட வந்து சொன்னார்: ‘எங்களை முன்னாடி விடு, நாங்க மெதுவாப் போறோம். திட்டு எங்களுக்குப் பழகினதுதான். பெத்த அப்பனைப் பாத்து நாலு பேர் சிரிக்கிறதை அந்தப் பாப்பா பாக்க வேணாம்.’”