கரியா குளிக்கிறான்

மூன்றாவது சனிக்கிழமையாகக் குளியலறைக்குள்ளிருந்து தலைச்சாய வாடை வந்தது. குஷாலப்பாவின் மீசையோ வெள்ளை வெளேரென்று அப்படியேதான் இருந்தது.

முத்தவ்வா கதவைத் தட்டினாள். "உள்ளே என்னங்க பண்றீங்க?"

"நாயைக் குளிப்பாட்டறேன்."

"அதுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?"

"திறந்தா கரியா ஓடிடுவான்."

உள்ளே நாய் குஷியாகத் தண்ணீரில் துள்ளும் சத்தம் கேட்டது. முத்தவ்வாவின் புருவம் ஏறியது. சொம்பைக் கண்டாலே காப்பித் தோட்டத்துக்குள் ஓடி ஒளிகிற நாய் அது.

"இத்தனை வருஷம் நான்தானே குளிப்பாட்டினேன், நான்தானே முடி வாரினேன். நீங்க ஒரு நாள் சீப்பை எடுத்துக் குடுத்திருப்பீங்களா? இப்ப என்ன திடீர்ப் பாசம்?"

"நீ மைசூருக்குப் போனப்போ பழகிடுச்சு."

சொல்லிவிட்டாரே தவிர, ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற குஷாலப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் மைசூரில் இருக்கக் கிளம்பியபோது முத்தவ்வா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கரியாவுக்கு ஏதாச்சும் ஆச்சு, நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

இரண்டாவது மாதம் அவர் கேட்டைச் சாத்த மறந்தார். மரம் ஏற்றி வந்த லாரி ஒன்று கரியாவை அடித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. எல்லையில் எத்தனையோ பார்த்தும் கலங்காத மனிதர், நாயைப் புதைத்துவிட்டுக் கேவிக் கேவி அழுதார்.

பிறகு சித்தாபுரம் வரை அலைந்து, அச்சு அசலாக அதே போல் ஒருவனைப் பிடித்து வந்தார். முன்னங்காலில் மட்டும் உள்ளங்கை அளவு வெள்ளை. அதற்குத்தான் இந்தச் சாயம்.

மதியம் சாப்பிடும்போதும் முத்தவ்வா விடவில்லை. அரிசி நொய்யில் உருட்டி அவித்த கடம்புட்டில் ஒன்றைப் பன்றிக்கறிக் குழம்பில் தோய்த்துப் போட்டாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு குஷாலப்பாவின் காலடியில் போய்ப் படுத்தது.

"கடம்புட்டு வேண்டாமாம். உங்க காலு மட்டும் வேணுமாம். எப்பலேர்ந்து இந்த ஒட்டு?"

"வயசாச்சுல்ல. இப்பத்தான் என் அருமை தெரியுது." குஷாலப்பா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சிரித்தார். "லடாக்கிலேர்ந்து லீவுல வந்த அன்னைக்கு என் கெண்டைக்காலைக் கவ்வினவன்தானே இவன்! குட்டியில நான் புட்டிப்பால் குடுத்து வளர்த்ததையே மறந்துட்டான், நன்றி கெட்ட பய. அங்கேர்ந்து தினம் போன்ல உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடி இவனைத்தான் கேப்பேன்."

"ஆமா, ஆமா. குழம்பு ஊத்தவா?" என்றாள் முத்தவ்வா.

அடுத்த சனிக்கிழமை அவள் தட்டவே இல்லை. கதவருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாகக் கறுப்புத் தண்ணீர் வழிந்து வந்தது.

"என்னங்க, கரியா கரையறானே!"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் சட்டென்று நின்றது.

"கதவைத் திறங்க. இல்லைன்னா மைசூர் பஸ்ஸுக்குக் கிளம்பறேன்."

தாழ்ப்பாள் விலகியது. பாதி கறுத்த காலோடு நாய் நின்றது, கையில் பிரஷ்ஷோடு குஷாலப்பா நின்றார். அவருக்கு வாய் திறந்தால் அழுகைதான் வந்தது.

"கேட்டைச் சாத்த மறந்துட்டேன், முத்தவ்வா. லாரி... உன் முகத்தை எப்படிப் பாக்கறதுன்னு தெரியல. போகணும்னா போ. தப்பு என்னுதுதான்."

முத்தவ்வா பிரஷ்ஷைப் பிடுங்கி எறிந்தாள். நாயை மடியருகே இழுத்து, அதன் காலில் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"இந்தச் சனியனை அவன் நக்கினா வயித்துக்கு என்ன ஆகும்? அறிவு இருக்கா உங்களுக்கு?"

"நீ தாங்க மாட்டேன்னுதான்..."

"அது தெரியுது."

சாயம் கரைந்து வெள்ளைக் கால் வெளியே வந்தது. நாய் அவள் முகத்தை நக்கியது. அவள் தள்ளிவிடவில்லை.

"எங்கே புதைச்சீங்க?"

"ஆரஞ்சு மரத்தடியில."

சொம்பு பிடித்த கை அப்படியே நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முத்தவ்வா முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. நீங்க லடாக்ல இருந்தப்ப முதல் கரியாவையும் நான் அங்கதான் புதைச்சேன்."