மூன்று வளைகளும் ஒரு பல்லியும்

இந்தக் கதையைப் பல்லி என்னிடம் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. அன்றிலிருந்தே எனக்கு இதில் சந்தேகம்தான்.

பூனை துரத்த, ஓர் எலி மதில் ஓரத்துக்கு ஓடி வந்தது. மதிலடியில் மூன்று வளைகள். ஒன்று காலி, மற்ற இரண்டிலும் பாம்பு. இவ்வளவுதான் எலிக்குத் தெரியும். காலி வளை எது என்பது மதில்மேல் வாழும் பல்லிக்கு மட்டுமே தெரியும். எலி இடது வளையில் தலையை நுழைக்கப் போனது.

"அவசரப்படாதே தம்பி," என்றது பல்லி. "வலது வளையில் பாம்பு இருக்கிறது."

எலி நின்றது. "அப்போ இந்த வளையில்?"

"அதைச் சொல்ல மாட்டேன். நீதான் கணக்கில் புலியாயிற்றே, போட்டுப் பார்."

பூனை கொல்லைக் கதவைத் தாண்டிவிட்டது. ஆனாலும் எலி கணக்குப் போட்டது. 'நான் இடதைத் தேர்ந்தெடுத்தபோது பிழைக்க மூன்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு. மீதி இரண்டு பங்கு மற்ற இரண்டு வளைகளுக்கும் சேர்த்து. வலதில் பாம்பு என்றால், அந்த இரண்டு பங்கும் இப்போது நடு வளைக்கே.'

"நன்றி அண்ணே," என்று நடு வளைக்குள் பாய்ந்தது. பிறகு அது வெளியே வரவில்லை.

"அவன் கணக்கு சரிதான். நானும் பொய் சொல்லவில்லை," என்று முடித்தது பல்லி. "பசித்தால் நடு வளைப் பாம்பு மதில் ஏறி என்னைத்தான் தேடும். அன்றைக்கு ஏறவில்லை. நன்றாகத் தூங்கினேன்."

அந்தக் கணக்கில் பிழை தேடித் தேடி நான் களைத்துப் போனேன். போன வாரம் பல்லியை மறுபடி பார்த்தபோது கேட்டேன்:

"எலி முதலில் பாம்பு இருந்த வளைக்குப் போயிருந்தால், நீ வாயைத் திறந்திருப்பாயா?"