கேட்கும் முன்னே

வெள்ளவத்தை நெட் கஃபேயின் கண்ணாடிக் கதவோடு பகல் வெயில் நின்றுவிடுகிறது. உள்ளே மின்விசிறி கடகடக்கிறது. தர்மினியும் அவளுடைய அறைத்தோழி வத்சலாவும் ஒரே திரையின் முன் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தெந்த நாட்டிலோ இருக்கும் முகம் தெரியாதவர்களோடு ஆட்டம். ஊருக்குள் ஒளிந்திருக்கும் கொலையாளியைக் கண்டுபிடித்து, வாக்குப் போட்டு வெளியேற்ற வேண்டும். ஆட்டத்தில் தர்மினி கொலையாளி இல்லை, வெறும் ஊர்க்காரி. “போன சுற்றில் ஏன் அவனுக்கு வாக்குப் போட்டாய்?” என்று ஒருவன் எழுதியதுதான் தாமதம், அவள் விரல்கள் பறக்கின்றன. ஏன் போட்டாள், தனக்கு முன்னால் யார் யார் போட்டார்கள், ஆட்டத்துக்கு ஏன் பிந்தி வந்தாள், எந்த ஊர், யாரோடு இருக்கிறாள், எல்லாம் எழுதுகிறாள். “கேக்காததை எல்லாம் ஏனடி சொல்லுறாய்?” என்கிறாள் வத்சலா. “சொல்லாட்டிச் சந்தேகப்படுவினம்.” “சொன்னதாலதான் சந்தேகப்படுகினம், பார்.” குற்றமில்லாதவளிடம் இத்தனை பதில்கள் எப்படித் தயாராக இருக்கின்றன என்று திரையில் யாரோ கேட்கிறார்கள். அவள் பெயருக்கு நேரே வாக்குகள் ஏறுகின்றன. வெளியேற்றப்பட்டவள் அப்பாவி என்று திரை அறிவிக்கிறது. “வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா தப்பியிருப்பாய்,” என்று வத்சலா சலித்துக்கொள்கிறாள். வெளியே, சோதனைக்கு வரும் ராணுவ ஜீப் ஒன்று வேகம் குறைக்கும் சத்தம். கதவு படாரென்று திறக்கிறது. ஒருவருமில்லை, கடற்காற்றுதான். ஜீப்பும் போய்விடுகிறது. தர்மினி கையிலெடுத்த அடையாள அட்டையை மீண்டும் பைக்குள் வைக்கக் குனிகிறாள். பக்கத்தில் வத்சலாவின் கை இன்னும் கதவை நோக்கி நீண்டிருக்கிறது, விரல்களுக்கிடையில் அவளுடைய அட்டை.