எதிர்க்கடைக்காரர் பேசுவார்

இரங்கல் கூட்டத்துக்கு வந்த இடத்தில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார் எதிர்க்கடைக்காரர்.

"முந்நூத்தி இருபது. அதுவும் பத்தாம சுவரோரமா நிக்கறாங்க" என்றார் மனைவியிடம்.

"எண்பத்தாறு வயசு வரைக்கும் நல்லபடியா வாழ்ந்த மனுஷன். வராம இருப்பாங்களா?"

"நான் போனா எத்தனை பேர் வருவாங்கன்னு நினைக்கறே?"

"சும்மா இருங்க. யார் காதுலயாவது விழப்போகுது."

விழட்டுமே என்றிருந்தது அவருக்கு. முப்பத்தெட்டு வருஷத்து வயிற்றெரிச்சல் அது. மேடையில் படமாகச் சிரிக்கிற பெரியவரும் இவரும் ஒரே தெருவில், எதிரும் புதிருமாக, அதே ஆணி, அதே கீல், அதே தாழ்ப்பாள் விற்றவர்கள். இவர் தன் கடைக்கு நாலு தடவை பெயர்ப் பலகை மாற்றிப் பார்த்தார். கலர் விளக்கெல்லாம் போட்டுப் பார்த்தார். ஊருக்கு அது என்னவோ 'எதிர்க்கடை'தான். சொந்தப் பெயர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பதே அவருக்குச் சந்தேகம்.

மேடையில் தச்சர் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு ஸ்க்ரூ குறைஞ்சிடுச்சுன்னா வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போவாருங்க. அப்படி ஒரு வியாபாரியை இனிமே எங்கே பார்க்கறது?"

"ஏன், எதிர்ப்பக்கம் திரும்பினா பார்க்கலாமே" என்று பல்லைக் கடித்தார் இவர்.

அடுத்து பெரியவரின் மாப்பிள்ளை வந்தார். நாலு பெண்களையும் படிக்க வைத்தது, ஒரு நாளும் குரல் உயர்த்தாதது என்று சொல்லிக்கொண்டே போய், பாதியில் அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கடைக்காரரின் இரண்டு பிள்ளைகளும் போன் செய்தே மாதக் கணக்காகிறது. மாப்பிள்ளைகூட அழுகிறானே, எங்கே பிடித்தார் இவனை என்று அதற்கும் பொறாமைப்பட்டார்.

மனைவி சும்மா இருந்திருக்கலாம். "எப்படி அழுவுதுங்க பாருங்க பிள்ளைங்க! மனுஷன் எப்பப் பார்த்தாலும் கடையே கதின்னு கிடக்காம, தினம் மத்தியானம் ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்குப் போயி குடும்பத்தோட சாப்பிட்டாரே. அந்தப் பாசம்! நீங்களுந்தான் இருக்கீங்க, நின்னுக்கிட்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு."

எரிகிற நெருப்பில் எண்ணெய். ஒரு மணிக்கு இறங்குகிற பெரியவரின் ஷட்டர் மூன்றரைக்குத்தான் ஏறும். இவருக்கு வியாபாரம் என்று ஏதாவது நடந்தால் அந்த இரண்டரை மணி நேரத்தில்தான். பூட்டைப் பார்த்துத் தயங்கி நிற்பவர்களைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவார். "உங்க பெரியவர் வீட்ல குறட்டை விட்டுக்கிட்டிருப்பாரு! நீங்க வெயில்ல காஞ்சா அவருக்கென்ன? இங்கே வாங்க!"

வந்தவர்களுக்குச் சாமானோடு வசவும் இலவசம். பெரியவரின் சரக்கு, நடை, வழுக்கை, பெண்களைக் கட்டிக்கொடுத்த இடம், எதையும் அவர் விட்டு வைத்ததில்லை.

இன்றைக்கும், மேடையில் பேசச் சொன்னால் குத்திக்காட்டத் தயாராகத்தான் வந்திருந்தார். 'வியாபாரிக்குத் தூக்கம்தான் முதல் எதிரி. நம்ம பெரியவர் அந்த எதிரியைத் தினமும் ரெண்டரை மணி நேரம் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருந்தார்.' வாழைப்பழத்தில் ஊசி. ஒரே ஒரு தடவை இந்த ஊர் அந்த ஆளை நினைத்துச் சிரித்துவிட்டால் போதும், இவர் மனசு ஆறிவிடும்.

பெரியவரின் மூத்த மகள் குனிந்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, அடுத்தது நீங்க பேசணும். அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்பவே சொல்லிட்டாரு."

"என்னையா சொன்னாரு?"

"ஆமா மாமா. 'எதிர்க்கடைக்காரரை மறந்துடாதீங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னாரு."

எதிர்க்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குடுத்து வெச்ச பிள்ளைங்கம்மா நீங்க. தினம் மத்தியானம் அப்பாகூட உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க."

"மத்தியானமா? அப்பா ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லையே மாமா."

"ஒரு மணிக்குக் கடையைப் பூட்டுவாரே!"

"முன்னாடி பூட்டிட்டு, பின்பக்கத்துச் சந்து வழியா உள்ளே போயிடுவாரு. கேரியரை அந்த வழியாத்தான் நாங்க கொண்டு போய்க் குடுப்போம்."

மனைவி முன்னால் நகர்ந்து வந்தாள். "எதுக்கும்மா அப்படி?"

"நீங்க கடை போட்ட புதுசுல ஆளே வரலியாம். 'கைக்குழந்தைக்காரன், வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். நான் திறந்து வெச்சிருந்தா பழகின முகம்னு எல்லாரும் இங்கேயேதான் வருவாங்க. மத்தியானமாவது அவன் பக்கம் திரும்பட்டும்'னாரு. எங்களுக்கும் ஆசைதான் அத்தை, அப்பாகூட உக்காந்து சாப்பிடணும்னு. 'வீட்டுக்கு வந்தா அங்கேயும் தேடி வந்து சாமான் கேட்பாங்கம்மா'ன்னு சொல்லிட்டாரு."

எதிர்க்கடைக்காரர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"அப்போ... இத்தனை வருஷமும் உள்ளேயேவா இருந்தாரு?"

"உள்ளேயேதான். வெளியே சத்தம் கேட்டுடும்னு ஃபேன்கூடப் போட மாட்டாரு."

மேடையில் வியாபாரிகள் சங்கச் செயலாளர் மைக்கைத் தட்டினார். அது கீச்சென்று கத்திவிட்டு அடங்கிப் போனது. அவர் கையைக் குவித்துக்கொண்டு உரக்கச் சொன்னார்: "அடுத்ததாக எதிர்க்கடைக்காரர் பேசுவார்!"

எழுந்தவர் மறுபடி நாற்காலியில் உட்காரப் பார்த்தார்.

"மைக் இல்லைன்னு யோசிக்காதீங்க மாமா" என்று ஈரக் கண்ணோடு சிரித்தாள் அந்தப் பெண். "அப்பாவே சொல்லுவாரு, 'ஷட்டர் சாத்தியிருந்தாலும் அவர் பேசற ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவா கேட்கும்'னு."