நாள் பார்த்து ஏறிய கப்பல்

மூன்றாவது வாந்திப் பையையும் நிரப்பி, வாயை முடிச்சுப் போட்டுக் காலடியில் வைத்துவிட்டு, சென்னியப்பன் மனைவியின் பக்கம் திரும்பினார். "உனக்கு முடியலீன்னா சொல்லிப்போடு வள்ளி. கூச்சப்படாத."

வள்ளியாத்தாள் வறுத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். "எனக்கொண்ணுமில்லீங்க."

கொச்சியிலிருந்து தீவுக்குப் போகும் அந்தக் கப்பல் மெல்ல மேலே ஏறியது. அங்கே கொஞ்சம் நின்று யோசித்தது. பிறகு மனம் மாறியதுபோல் ஒரு பக்கமாகச் சரிந்தது. சென்னியப்பனின் வயிறு மட்டும் மேலேயே நின்றுவிட்டது.

முதலமடையில் பிறந்து மாந்தோப்பிலேயே ஐம்பது வயதைத் தாண்டியவருக்குக் கடல்மேல் ஆசை வந்தது புத்தகங்களால். மழை எட்டிப் பார்க்காத அந்த மண்ணில், மாமரத்து நிழலில் கட்டிலைப் போட்டுக் கடல் பயணங்களாகப் படித்தார். படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருப்பார். அப்படி ஒருமுறை பேசாமல் இருந்தபோதுதான், தோப்பை விற்றுவிட்டுத் தீவில் ஓடும் பயணிகள் படகில் பாதிப் பங்கு வாங்குவது என்று முடிவு செய்தார். தீவில் இறங்கியதும் படகுக்குக் கையெழுத்து. ஊர் திரும்பியதும் தோப்புக்கு.

தோப்பில் பாதி மரங்கள் வள்ளியாத்தாள் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. ஆனாலும் அவள் சண்டை பிடிக்கவில்லை. "போறது போறோம், ஒரு நல்ல நாளாப் பாத்துப் போலாமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நாள் நட்சத்திரத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் படித்தவருக்கே உரிய பெருந்தன்மையோடு, "உன்ற திருப்திக்குச் சோசியரக் கேட்டு நீயே குறி" என்று விட்டுவிட்டார். அவள் குறித்த நாள்தான் இன்று.

கப்பல் ஊழியர் ஜிஜி, கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து புதிய பைகளை நீட்டினார். "சாரே, கடல் மோசம்னு நாலு நாளா டிவியில சொல்றதாணல்லோ. வேற நாளொண்ணும் கிட்டலையா?"

"நல்ல நாளுங்க தம்பி" என்றார் சென்னியப்பன், கண்ணைத் திறக்காமல். "சோசியரு குறிச்சது."

ஜிஜி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது பெரிய கப்பலானதுகொண்டு இத்தனையோட போச்சு. தீவில ஓடுற சின்ன போட்டுல இருந்தா, சார் இப்ப இருக்கிற இடத்துல இருக்க மாட்டாரு."

சென்னியப்பன் அந்தச் சின்ன போட்டை நினைத்துப் பார்த்தார். அதில் பாதி அவருடையதாகப் போகிறது. எந்தப் பாதி முதலில் முழுகும் என்றுதான் தெரியவில்லை. கடல் வீரர்கள் புயலில் பாய்மரத்தை இறக்கியதைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், இந்தப் பைகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த சரிவில் அவர் முடிவுக்கு வந்துவிட்டார். படகு வேண்டாம். ஆனால் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. யாரைக் காரணம் காட்டுவது?

"வள்ளி, உன்ற மூஞ்சி வெளுத்துப் போச்சே."

"அப்படீங்களா?" அவள் உள்ளங்கையில் இருந்த கடலைத் தோலை ஊதினாள். அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க. லேசாக் கிறுகிறுன்னுதான் வருது."

"நெனச்சேன். உன்னக் கூட்டிக்கிட்டு இந்தப் பொழப்பு ஆகாது. படகு வேண்டாம், உடு."

"உங்களுக்கு ஆசையாச்சுங்களே."

"ஆச கெடக்குது. உன்னவிட அது பெருசா? தோப்பு போதும் நமக்கு."

மனைவிக்காகக் கடலையே துறந்தவன் என்ற எண்ணம் அவருக்கு இதமாக இருந்தது. நான்காவது பை உடனே தேவைப்படாமல் இருந்திருந்தால், அதை இன்னும் கொஞ்ச நேரம் அனுபவித்திருப்பார்.

தீவின் துறையில் படகுக்காரர் காத்திருந்தார். "சம்சாரத்துக்குக் கடல் ஒத்துக்கலீங்க. ரொம்பப் பயந்துட்டா. நமக்கு வேண்டாமுங்க" என்றார் சென்னியப்பன். படகுக்காரர் இருவரையும் பார்த்தார். மூட்டை இரண்டையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றவள் வள்ளியாத்தாள். அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தவர் சென்னியப்பன். "மனசிலாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

துறையோரம் கிடந்த பெஞ்சில் சென்னியப்பன் நீட்டிப் படுத்தார். தரையும் ஆடியது. திரும்பிப் போகவும் இதே கடல்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"வள்ளி, ஊருக்குப் போறதுக்கு வேற தடமே கெடையாதா?"

"பயப்படாதீங்க. நாலு நாள்ல கடலு அடங்கீரும். அதுக்கப்பறந்தான் டிக்கெட் போட்டிருக்குது."

சோசியர்கள் இதையெல்லாம்கூடப் பார்க்கிறார்களா என்று சென்னியப்பனுக்கு வியப்பாக இருந்தது. வியப்போடு கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் தூங்கிவிட்டதைப் பார்த்து, வள்ளியாத்தாள் பெஞ்சின் மறுமுனைக்கு நகர்ந்து செல்போனை எடுத்தாள். கொச்சித் துறைமுகத்துக்குத் தினமும் மாங்காய் லாரி ஓட்டும் அவள் அண்ணன் மாரப்பன் மறுபக்கம் பேசினார்.

"தோப்பு தப்பிச்சுக்கிச்சுங்ணா" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "இன்னிக்குத்தான் கடலு ரொம்ப மோசமா இருக்கும்னு நீங்க சொன்னது அப்படியே பலிச்சுது."