நடுக் கைப்பிடி

பூங்கா பெஞ்சுகளில் யாரும் நீட்டிப் படுத்துவிடக் கூடாது என்றுதான் நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்தார் வடிவமைப்பாளர். வீட்டில் மட்டும், "வயசானவங்க பிடிச்சு எழுந்திருக்கத்தாம்மா" என்று வாய் கூசாமல் சொல்லிவைத்திருந்தார்.

பூங்கா திறந்த மறுநாள் காலை, அம்மாவைப் பெருமையாக அழைத்துப் போனார். பெஞ்சுகளெல்லாம் பனியில் நனைந்திருந்தன. ஒன்றில் மட்டும் ஓர் ஆள் படுத்த அளவுக்கு இடம் காய்ந்திருந்தது. தலை வைத்த தடம் கைப்பிடிக்கு இந்தப் பக்கம், கால் நீட்டிய தடம் அந்தப் பக்கம். நடுவில் கைப்பிடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அம்மா அதில் உட்கார்ந்தாள். "சூடா இருக்கேப்பா. படுத்திருந்தவங்களை எழுப்பி விட்டுட்டோமோ?"

"இதுல யாராலயும் படுக்க முடியாதும்மா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா கைப்பிடியைத் தொடாமலே எழுந்தாள்.

"நீங்க படுங்க," என்றாள், காலிப் பெஞ்சைப் பார்த்து.