நலன்விரும்பியின் கடிதம்

"இன்னும் முப்பது வீதத்திலதான் நிக்குதோ?"

பாக்கியரத்தினம் நாலாவது தடவையாகக் கேட்டார்.

"ஓம் சேர். இடையில நிப்பாட்ட ஏலாது," என்றார் கொம்பியூட்டர் திருத்த வந்த நஸ்ரி.

துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பாக்கியரத்தினம். அத்தனை ஆட்களை மேய்த்தவருக்கு, கேட்காமலே அப்டேட் போட்டுக்கொள்ளும் ஒரு பெட்டியை மேய்க்கத் தெரியவில்லை. காலையில் கடிதத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். வந்து பார்த்தால் நீலத் திரையில் வட்டம் சுற்றுகிறது. 'நிறுத்த வேண்டாம்' என்று அதிகாரம் வேறு.

மனைவி ஜெயரூபிதான் யாரிடமோ நம்பர் வாங்கி நஸ்ரியைக் கூப்பிட்டிருந்தார்.

"கடிதத்தை சேவ் பண்ணினீங்களா சேர்?"

"இல்லை, அப்பிடியே விட்டனான். மூண்டு நாளா ஒரு விரலால தட்டினது தம்பி. இண்டைக்கு மூண்டு மணிக்குள்ள நகரசபையில குடுக்கோணும். நாளைக்குக் கூட்டம். விட்டா இனி அடுத்த வருசம்தான்."

"அப்பிடி என்ன அவசரம்?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற றோட்டில ஒருத்தன் கடைக்கு முன்னால நடைபாதையில கொட்டில் இறக்கியிருக்கிறான். சனம் நடக்க ஏலாது. கடையை மூடச்சொல்லி எழுதியிருக்கிறன்."

நஸ்ரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்காரரோட ஒருக்காக் கதைச்சுப் பாத்தீங்களா?"

"அவனோட எனக்கென்ன கதை? ஆளையே நான் கண்டதில்லை."

"பேர் போட்டுத்தான் குடுக்கிறீங்களா?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த ஜெயரூபி சிரித்தார். "பேரோ? கீழ 'ஊர் நலன்விரும்பி' எண்டுதான் இருக்கு. இவர் அவ்வளவு துணிஞ்சவர்."

"நீர் சும்மா இரும்," என்றார் பாக்கியரத்தினம்.

ஒன்றரை மணிக்கு அப்டேட் முடிந்தது. கொம்பியூட்டர் திறந்தது. கடிதத்தை மட்டும் காணவில்லை.

பாக்கியரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று நாள் உழைப்பு. அதைவிட, நஸ்ரி வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரோ என்ற சந்தேகம் வேறு.

"உமக்கு இந்த வேலை தெரியுமோ, இல்லையோ? தெரியாட்டி முதலே சொல்லியிருக்கலாம். இந்தக் காலத்தில ஆரிட்ட நேர்மை இருக்கு."

நஸ்ரி கொம்பியூட்டருக்குள் ஒவ்வொரு இடமாகத் தேடினார். ஒரு இடத்தில் கை நின்றது. கன நேரம் அசையாமல் எதையோ வாசித்தார்.

"என்ன, போச்சுதோ?"

நஸ்ரி அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இல்லை சேர். தானாகவே ஒரு பிரதி எடுத்து வைச்சிருக்கு. முழுசா இருக்கு."

ஏதோ தட்டினார். பிரிண்டர் கரகரத்து இரண்டு பக்கங்களைத் தள்ளியது. மணி இரண்டு இருபது. பாக்கியரத்தினம் ஓடிப்போய்ச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் பழைய மேற்பார்வையாளரின் மிடுக்கு.

நஸ்ரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடிதத்தை நீட்டினார்.

"ஒரு இடத்தில மட்டும் திருத்தியிருக்கிறன் சேர். கடை இலக்கம் முப்பத்தாறு எண்டு போட்டிருந்தீங்க. அது மைமூனா எண்டவங்கட தையல் கடை. புருசன் இல்லாதவங்க, பாவம், அவங்க கொட்டில் ஒண்டும் போடல்ல. போட்டது முப்பத்தெட்டு."

"உமக்கு நிச்சயமாத் தெரியுமோ?"

"தெரியும் சேர். முப்பத்தெட்டு என்ட கடைதான்."